இட்டது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு

தென்காசி மாவட்டத்தின் பத்து ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றான மேலநீலிதநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில், சங்கரன்கோவிலைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மானாவாரி நிலங்களின் நடுவே அமைந்திருக்கிறது. குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரலும் அருவியுமாக இருக்கும் நாட்களில், அதே மாவட்டத்தின் இந்தக் கீழ்ப்பகுதிக்கு மலையைத் தாண்டி வருவது பெரும்பாலும் காற்று மட்டுமே. கிணற்றை நிரப்பும் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இப்பகுதி ஊர்களின் குடிநீர், ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ தொலைவிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயிலிருந்தோ மேலேற்றப்பட்டு, தெருக்களுக்கு மேலே தூண்கள்மீது நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் தங்கி, அங்கிருந்து வீட்டுக் குழாய்க்கும் தெருக்குழாய்க்கும் இறங்குகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இத்தொட்டிகளை ஒவ்வொரு மாதமும் 5, 20 ஆகிய தேதிகளில் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. கழுவிய தேதியைத் தொட்டியிலோ தூணிலோ எழுதி வைப்பதும் உண்டு. ஆனால் கழுவுவதைக் காட்டிலும் நுட்பமானதும், அதனினும் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டதுமான ஒரு வேலை, அத்தொட்டியில் அன்றாடம் நடக்க வேண்டிய குளோரின் கலப்பு ஆகும்.

குளோரின் கலப்பைப் பற்றி மக்களிடமும், சில சமயம் அலுவலகப் பதிவேடுகளிலும் நிலவும் எண்ணம், குறிப்பிட்ட அளவு மருந்தைக் குறிப்பிட்ட அளவு நீரில் போட்டுவிட்டால் நீர் தூய்மையாகிவிடும் என்பதே. உண்மையில் நீரின் பாதுகாப்பை அறிவிப்பது தொட்டியில் இட்ட அளவன்று. தன் வேலையையெல்லாம் செய்து முடித்தபின், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் இன்னும் மிஞ்சியிருக்கும் அளவே. இந்த மிச்சத்தைத்தான் நீரியலார் 'எஞ்சிய குளோரின்' என்பர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், குளோரின் கலந்து வழங்கப்படும் நீரில் இது நுகர்வோரின் குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும், வேறு வழியில்லாத இடத்திலும் 1 மில்லிகிராமைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதையே அலுவலர்கள் 'ஒரு பிபிஎம்', அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, என்று வழங்குகின்றனர்.

இட்டதற்கும் எஞ்சியதற்கும் இடையே இவ்வளவு வேறுபாடு ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, நீருக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூள், நீற்றிய சுண்ணாம்பின்மீது குளோரின் வாயுவைச் செலுத்திப் பெறப்படும் வெண்பொடி. அது நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் பொருள் பிறக்கிறது. மின்னேற்றம் இல்லாத சிறு மூலக்கூறாதலால் நுண்ணுயிரியின் புறச்சுவருக்குள் எளிதில் நுழைந்து, அதன் உயிர்வேதி வினைகளைக் குலைத்துக் கொல்வது இந்த அமிலமே. ஆனால் இது கிருமியைத் தேடிச் செல்வதில்லை. நீரில் கலந்துள்ள மண், பாசி, இரும்பு, அழுகிய இலை, அம்மோனியா என வழியில் எதிர்ப்படும் எல்லாவற்றோடும் வினைபுரிந்து செலவாகிவிடுகிறது. இவ்வாறு நீர் தன்பங்குக்கு விழுங்கிக்கொள்ளும் அளவு 'குளோரின் தேவை' எனப்படும். அத்தேவை தீர்ந்தபின் மிஞ்சுவது மட்டுமே கிருமியை எதிர்த்து நிற்கக் கூடியது என்பதால், கலங்கிய நீரில் ஒரு கைப்பிடி பொடி போட்டும் பயனில்லாமல் போகலாம். தெளிந்த நீரில் ஒரு சிட்டிகையே போதுமானதாகலாம்.

நீரின் காரத்தன்மை இதனினும் மறைவாகத் தன் வேலையைச் செய்கிறது. ஒரு நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவு 7 ஆக இருக்கும்போது, கரைந்த குளோரினில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைப்போகுளோரஸ் அமிலமாக நிற்கிறது, 7.5 ஆகும்போது அது பாதியாகவும், 8 ஆகும்போது ஏறத்தாழக் கால் பங்காகவும் குறைந்து, ஏனையது கொல்லும் ஆற்றல் பல மடங்கு குறைந்த ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. உப்பும் கடினமும் மிகுந்து, சோப்பு நுரைக்காமல், பானையின் உள்விளிம்பில் வெள்ளை வட்டம் படியவைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் வறண்ட நிலங்களில் பழகிப்போன ஒன்று. அத்தகைய நீர் காரப்பக்கம் சாய்ந்திருக்குமானால், சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டினாலும் அதன் கூர்மை மழுங்கியிருக்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம், பிஎச் 8-க்குக் குறைந்த நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் குறைந்தது அரைமணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும் என்று கூறுவது இதனால்தான். அந்த அரைமணி நேரத்தைப் பறித்துவிட்டு, பொடியைப் போட்ட கையோடு வால்வைத் திறப்பது, மருந்தை விழுங்கச் செய்யாமல் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்வதற்கு ஒப்பாகும்.

புதிதாகச் செய்த பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் கிடைக்கும். தமிழக ஊராட்சிகளில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கு வழக்கிலிருக்கிறது. அதன்படி 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பொடி, அதிலிருந்து ஏறத்தாழ 40 கிராம் குளோரின், ஆக லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் வந்து சேர்கிறது. நீரின் தேவை அதில் 0.7 மில்லிகிராமை எடுத்துக்கொண்டாலும் 0.6 மிஞ்சும். ஆனால் சலவைத்தூள் நிலையற்ற பொருள். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் வெயிலும் வெப்பமும் அதிலுள்ள குளோரினை நாள்தோறும் கரைத்துவிடும். வாய் கட்டாத சாக்கில், தகரக் கூரையின் கீழ், மோட்டார் அறையின் மூலையில் சில மாதங்கள் கிடந்த பொடியின் வீரியம் 15 விழுக்காடாகக் குறைந்திருக்குமானால், அதே 120 கிராம் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் மட்டுமே தரும்; நீரோ 0.7 கேட்கிறது, மிச்சம் ஒன்றுமில்லை. பதிவேட்டில் இரண்டு நாட்களுக்கும் ஒரே அளவே எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் காப்பாற்றப்பட்ட ஊர் மறுநாள் காப்பற்று நிற்பதை அந்தப் பதிவேடு ஒருபோதும் காட்டாது. பொடியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், இருளும் உலர்வும் உள்ள இடத்தில் வைப்பது சின்னஞ்சிறு காரியமாகத் தோன்றினாலும், முழு ஏற்பாடும் அதன்மீதுதான் நிற்கிறது.

பொடியைக் கரைக்கும் முறையிலும் இதே கவனம் வேண்டும். ஊரார் 'தண்ணி திறந்துவிடுகிறவர்' என்று அழைக்கும் தொட்டி இயக்குபவர், ஏணி வழியே ஏறிப் பொட்டலத்தை அப்படியே தொட்டிக்குள் உதறிவிட்டால், பொடி கட்டிகட்டியாக அடியில் படிந்து, ஓரிடத்தில் மிகுந்தும் மற்ற இடங்களில் குறைந்தும் நிற்கும். முறைப்படி, நிறுத்தெடுத்த பொடியைப் பிளாஸ்டிக் வாளியில் இட்டு, சிறிது நீர் விட்டுத் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, கட்டிகளை உடைத்து, பின் வாளி முக்கால் நிறையும்வரை நீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். அடியில் வெண்ணிறச் சுண்ணாம்புக் கசடு படிய, மேலே இளமஞ்சள் சாயல் கொண்ட தெளிநீர் நிற்கும். குளோரின் அத்தெளிநீரில் இருக்கிறது. அதை மட்டும் தொட்டியில், முடிந்தால் மோட்டார் ஓடி நீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், ஊற்றினால் விழும் நீரே கலக்கும் கையாகிவிடும். கசட்டைக் கொட்டிவிட வேண்டும். தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தால் நீரின் கடினம்தான் கூடும். இவ்வளவும் செய்பவருக்கு மூக்கையும் கண்ணையும் காக்கும் துணியோ கண்ணாடியோ கையுறையோ பல இடங்களில் தரப்படுவதில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஊரின் வயிற்றைக் காக்கும் வேலையைச் செய்பவர் அவர். அவருடைய நுரையீரலைக் காக்க வேண்டிய கடன் ஊருக்கு உண்டு.

குளோரின் 1774-இல் சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலேயால் முதலில் பிரித்தெடுக்கப்பட்டு, 1810-இல் ஹம்ப்ரி டேவியால் தனிமம் என்று உறுதிசெய்யப்பட்டுப் பெயரிடப்பட்டது. அதற்கிடையே 1799-இல் சார்லஸ் டெனன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். துணியை வெளுக்க வந்த அப்பொடி, 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் மகப்பேற்று மருத்துவர்களின் கைகளைக் கழுவச் செய்தபோது உயிர்காக்கும் பொருளாயிற்று. குடிநீர் வரலாற்றில் இந்தியாவோடு நேரடித் தொடர்புடைய ஒரு பெயரும் உண்டு: இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த வின்சென்ட் நெஸ்ஃபீல்ட் என்னும் அதிகாரி, குடிநீரைக் குளோரினால் தூய்மைப்படுத்தும் முறையை 1903-இலேயே எழுதி வெளியிட்டார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஜான் லீல் என்னும் மருத்துவர், ஒரு பெருநகரின் நீர்வழங்கலுக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் கலக்கத் தொடங்கியபோது, மக்கள் குடிக்கும் நீரில் நஞ்சைக் கலப்பதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் அவர் முறையை ஏற்றது. அக்கேள்வியின் நிழல் இன்றும் ஊர்களில் நிலவுகிறது என்பது பின்னர் விளங்கும்.

தொட்டிக்கு முன்பே கிணறு இருந்தது. கிணற்றுக்கான குளோரின் முறைகளுள் இரண்டு, எளிமையிலேயே அறிவுநுட்பம் நிறைந்தவையாதலால் விரித்துச் சொல்லத் தக்கவை. முதலாவது, பிரிட்டிஷ் இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் ஹாராக்ஸின் பெயரால் வழங்கும் சோதனை. அதன் பெட்டிக்குள் ஆறு வெள்ளைக் கிண்ணங்களும், ஒரு கறுப்புக் கிண்ணமும், இரண்டு கிராம் பொடி கொள்ளும் கரண்டிகளும், சொட்டுக் குழாயும் இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பொடியைக் கரைத்துக்கொண்டு, ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் கிணற்று நீரை நிரப்பி, முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு என ஆறாவது வரை கரைசலை விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பின் மாவுப்பொருளும் அயோடைடும் கலந்த காட்டியை ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு விட, குளோரின் மிஞ்சியுள்ள கிண்ணங்கள் நீலமாகும். முதலில் தெளிவாக நீலம் காட்டியது மூன்றாவது கிண்ணமானால், 455 லிட்டர் நீருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம் பொடி வேண்டும். மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீராழமும் கொண்ட கிணற்றில் ஏறத்தாழ 28,260 லிட்டர் நீர் இருக்குமாதலால், அக்கிணற்றுக்கு 373 கிராம் ஆகும். இச்சோதனையின் பெருமை, அது கிணற்றையும் பொடியையும் சேர்த்தே கேள்வி கேட்கிறது என்பதில் இருக்கிறது. பொடி பழையதோ நீர் கலங்கியதோ, எதுவாயினும் விடை அதைக் கணக்கில் எடுத்தே வருகிறது.

இரண்டாவது, நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த இரட்டைப் பானை முறை. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரையும் இரண்டு கிலோ பருமணலையும் சற்று ஈரமாக்கிக் கலந்து, விளிம்புக்கு அருகே ஒரு சென்டிமீட்டர் துளையிட்ட சிறு பானையில் நிரப்பி, அதை அடியிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் துளையுள்ள பெரிய பானைக்குள் வைத்து, வாயைப் பாலித்தீன் தாளால் கட்டி, கயிற்றில் கோத்து, வாளி இடிக்காதபடி நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவர். இரு துளைகளின் வழியே குளோரின் மெல்லக் கசிந்து, ஏறத்தாழ 4,500 லிட்டர் கொள்ளும் வீட்டுக் கிணற்றை இரண்டு மூன்று வாரங்கள் காக்கும். மண்பானையும் மணலும் தவிர வேறு கருவி ஏதுமற்ற இம்முறை, ஊரில் கிடைப்பதைக் கொண்டே ஊரைக் காக்கும் அறிவியலின் சிறந்த சான்றுகளுள் ஒன்று. கிணறுகள் கைவிடப்பட்டதோடு இதுவும் மறக்கப்பட்டது வருந்தத் தக்கது.

வெப்பம் குளோரினுக்கு நண்பனும் பகைவனும் ஆகும். வெந்நீரில் குளோரின் விரைவாகக் கொல்லும். ஆனால் அதே விரைவில் தானும் அழியும், காற்றிலும் கலந்துவிடும். மேல்நாடுகளிலும் நம் சுற்றுலா விடுதிகள் சிலவற்றிலும் பலர் ஒருங்கே அமர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டிகள் இவ்வுண்மையை மிகைப்படுத்திக் காட்டும் எடுத்துக்காட்டுகள். அங்கே நீரின் வெப்பம் 40 பாகை செல்சியஸ் வரை செல்கிறது. காற்றுக்குமிழிகள் குளோரினை வெளியேற்றுகின்றன. சிறு அளவு நீரில் பலரது வியர்வையும் தோலழுக்கும் கலந்து மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. ஆதலால் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், குளிர்ந்த நீச்சல்குளத்துக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும் என்று கூறும்போது, வெந்நீர்த் தொட்டிக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் வேண்டும் என்றும், பிஎச் 7.0-க்கும் 7.8-க்கும் இடையே நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. தவறினால், 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதால் 'லெஜியனெல்லா' என்று பெயர்பெற்ற பாக்டீரியா, வெதுவெதுப்பான நீரில் பெருகி, நீர்த்துளிப் படலமாக மூச்சுவழி நுரையீரலுக்குச் சென்றுவிடும்.

இவ்வேதியியல் சங்கரன்கோவில் வட்டாரத்து வீட்டு மாடிகளுக்கு அயலானதன்று. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் குழாயைத் திறந்தால், முதல் இரண்டு குவளை நீர் கையைச் சுடும். ஊராட்சித் தொட்டியிலிருந்து 0.5 மில்லிகிராம் குளோரினோடு இறங்கிய நீர், அந்த மாடித்தொட்டியில் ஒரு பகல் வெந்தபின் எஞ்சிய குளோரின் ஏதுமின்றி, கிருமி வளர்வதற்கு இதமான வெப்பத்தோடு மட்டும் நிற்கக் கூடும். தொட்டிக்கு வெள்ளை அடிப்பதும், நிழல் அமைப்பதும், மூடியை இறுக்குவதும், குடிக்கும் நீரை மாடித்தொட்டியிலிருந்து எடுக்காமல் நேரே கீழ்க்குழாயில் பிடிப்பதும் இதற்கு மாற்று.

எஞ்சிய குளோரினின் தேவை தெருக் குழாயில்தான் முழுமையாக விளங்கும். இருபத்துநான்கு மணிநேரமும் அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால் உள்நீர் வெளியே கசியும். வெளியழுக்கு உள்ளே வராது. நம் ஊர்களிலோ நீர் காலையில் ஒரு மணிநேரமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ வருகிறது. வால்வை மூடியதும் குழாய் வெறுமையாகி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசலுக்கு அருகே ஓடும் சாக்கடை நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தம் போதாமல் வீட்டுமுன் குழிதோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்பதும், இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்பதும் இவ்வுறிஞ்சலை இன்னும் வலுப்படுத்துகின்றன. தொட்டியில் எவ்வளவு தூய்மையாக இருந்த நீரும் இவ்வழியில் கெட முடியும் என்பதால்தான், வழிநெடுகக் காவல் வரும் அந்த 0.2 மில்லிகிராம் இன்றியமையாததாகிறது. காலராவின் ஓ139 என்னும் புதுவகை 1992-இல் சென்னையில் முதன்முதல் அறியப்பட்டது என்பதை நினைத்தால், இக்காவலைத் தமிழ்நாடு எளிதாக எண்ண முடியாது.

குளோரினால் ஆகாதவையும் உண்டு. உப்பையும் புளோரைடையும் நைட்ரேட்டையும் அது நீக்காது; 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ 4 இலட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளிய கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி அதற்கு எளிதில் மசியாது.

"மருந்து வாடை அடிக்கி, இன்னைக்கி இந்தத் தண்ணி குடிக்க ஆகாது" என்று குடத்தைக் கவிழ்ப்போர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுதும் குடித்தாலும் தீங்கில்லை என்று வகுத்துள்ள எல்லை லிட்டருக்கு 5 மில்லிகிராம். மூக்கோ அதில் பத்தில் ஒரு பங்கையே உணர்ந்துவிடக் கூடியது. மேலும், மூக்கைத் துளைக்கும் கார நெடி பல நேரங்களில் குளோரின் மிகுந்ததன் அடையாளமன்று. அழுக்கிலுள்ள அம்மோனியாவோடு குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமின்களின் நெடியே அது. அதாவது, அந்த நீருக்கு இட்ட குளோரின் போதவில்லை என்பதற்கான குறிப்பாகவும் அது இருக்கலாம். இலேசான வாடையைப் பொறுக்க மாட்டாதவர், நீரைத் துணிமூடிய பாத்திரத்தில் அரைமணி நேரம் வைத்திருந்தால் போதும். வாடையற்ற தனியார் கேன் நீரையோ, கைவிட்டு மொண்ட நேற்றைய குடத்து நீரையோ அதைவிட உயர்ந்ததாக எண்ணுவது தவறு.

மூக்கை நம்ப முடியாத இடத்தில் கண்ணை நம்பலாம். ஊராட்சிகளில் பழகிய குளோரோஸ்கோப் என்னும் சிறு பெட்டியில், ஆர்த்தோடோலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டதும் நீர் மஞ்சளாகும். பக்கத்திலுள்ள மாதிரிக் குழல்களோடு ஒப்பிட்டு அளவைப் படிப்பர். ஆர்த்தோடோலிடின் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயத்தால், டிபிடி மாத்திரை அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. பத்து மில்லிலிட்டர் நீரில் ஒரு மாத்திரையை நசுக்கிப் போட, குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பும், மிகுதியானால் செஞ்சிவப்பும் தோன்றும். கிருமியையே தேடும் சோதனையும் நம் நாட்டில் பிறந்ததுண்டு: குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சாவும் அவர் தோழர்களும் 1982-இல் வெளியிட்ட முறைப்படி, அதற்கான வேதிப்பொருள் இட்ட சீசாவில் ஊற்றிவைத்த நீர் ஓரிரு நாளில் கறுத்தால், மலக்கழிவு கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊர்தோறும் பெண்கள் ஐவருக்கு இத்தகைய களச்சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வகை செய்திருக்கிறது.

அப்பெட்டியைக் கையிலெடுப்பவர் சோதிக்க வேண்டியது தொட்டியின் அடிவாரத்து நீரையன்று. தொட்டியிலிருந்து மிகத் தொலைவில், பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த ஓரத்தில், கடைசியாக இணைப்புப் பெற்ற குடியிருப்பில், கடைசி வீட்டுக் குழாயில் நீர் வந்து ஐந்து நிமிடம் ஓடியபின் பிடித்த பத்து மில்லிலிட்டரையே. அங்கே குழல் இளஞ்சிவப்பானால் இடையிலுள்ள வீடுகளுக்கும் பெரும்பாலும் குறையிராது. நிறம் மாறாமல் நின்றால், பொடி பழையதா, கரைத்த முறை பிழையா, அரைமணி நேரம் கொடுக்கப்பட்டதா, வழியில் எந்தச் சாக்கடைக்கு அருகே குழாய் உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி, தெருவழியே தொட்டியை நோக்கித் திரும்பி நடக்க வேண்டும்.